டிராஃப்டா, இன்னும் ஒரு வருடம் கல்லூரியா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் ஒரு நடுத்தரக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். முதல் டிவிஷன் கூடைப்பந்து அணியில் ஆடுகிறான். உயரம் ஆறடி ஐந்து அங்குலம். இந்த சீசனில் ஆட்டத்துக்கு 18 புள்ளி எடுத்தான். தொழில்முறை லீகான என்பிஏவின் அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான், கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலிலும் பெயர் இருக்கிறது. ஒரு பெரிய கல்லூரி அடுத்த வருடத்துக்கு நல்ல தொகை பேசுகிறது. ஏஜென்ட்டோ, 'இரண்டாவது சுற்றில் நிச்சயம் போய்விடுவான், பின்வாங்க வேண்டாம்' என்கிறார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்த உலகம் தெரியாது. என்ன செய்வது?
— வட கரோலினாவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: உங்கள் ஏஜென்ட் சொன்ன அந்த 'நிச்சயம்' என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். இரண்டாவது சுற்றில் அப்படி ஒன்று கிடையாது.

என்பிஏவில் 30 அணிகள். ஆளுக்கு இரண்டு தேர்வு, ஆக 60 இடம். விதி மீறிய அணிகளிடமிருந்து தேர்வைப் பறித்ததால் 58, 59 என்று குறைந்த ஆண்டுகளும் உண்டு. இந்த அறுபதும் அமெரிக்கக் கல்லூரிப் பையன்களுக்கு மட்டும் என்றில்லை. 2024-ல் முதல் இரண்டு இடத்தில் போனவர்களே பிரெஞ்சுக்காரர்கள்தான். ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறவர்களோடுதான் உங்கள் மகன் நிற்கிறான்.

முதல் சுற்றுக்கும் இரண்டாவது சுற்றுக்கும் வித்தியாசம் எண்ணில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. முதல் சுற்றில் போனால் சம்பளம் அட்டவணைப்படி. முதல் இரண்டு வருடத்துக்கு உத்தரவாதம் உண்டு, மூன்றாவது, நான்காவது வருடம் அணியின் விருப்பம். 30-ஆவதாகப் போகிறவனுக்கே முதல் வருடம் 25 லட்சம் டாலருக்கு மேல் வருகிறது. அடுத்த எண்ணில், 31-ல், இந்த அட்டவணை கிடையாது. இரண்டாவது சுற்றில் எடுத்த அணி, ஆட்டக்காரர் மீதான உரிமையைத் தக்கவைத்துக்கொள்ள, உத்தரவாதமில்லாத ஒரு வருடக் குறைந்தபட்சச் சம்பளத்தை நீட்டினாலே போதும். முப்பதுகளில் போகிறவர்கள் பலருக்கு நல்ல பல வருட ஒப்பந்தம் கிடைக்கிறது என்பதும் உண்மைதான். ஐம்பதை நெருங்க நெருங்க டூ-வே ஒப்பந்தம் என்ற பேச்சு வந்துவிடும்.

டூ-வே என்றால், என்பிஏ அணியோடும், என்பிஏவுக்குக் கீழே உள்ள ஜி லீக் என்ற வளர்ப்பு லீகில் அதற்குள்ள அணியோடும் மாறி மாறி இருப்பது. ஓர் அணிக்கு மூன்று பேர். என்பிஏ அணியில் அதிகபட்சம் 50 ஆட்டங்களுக்குத்தான் இடம்பெற முடியும். 2025-26 சீசனில் இதற்கான சம்பளம் சுமார் 6,36,000 டாலர், அதாவது புதுமுகக் குறைந்தபட்சச் சம்பளத்தில் பாதி. அதிலும் ஆரம்பத்தில் ஒரு சிறு பகுதிக்குத்தான் உத்தரவாதம். அதற்கும் கீழே எக்ஸிபிட் 10 என்று ஒன்று இருக்கிறது. பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டு, கழற்றிவிட்டு, ஜி லீக் அணியில் 60 நாள் தங்கினால் ஒரு போனஸ் தருவார்கள். அந்த போனஸும் ஜி லீக் சம்பளமும் சேர்ந்தால்கூட ஒன்றேகால் லட்சம் டாலரை ஒட்டித்தான் நிற்கும்.

இப்போது அந்தப் பெரிய கல்லூரி பேசும் தொகையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021 ஜூலைக்கு முன் இந்தக் கேள்வியே வேறு மாதிரி இருந்தது. கல்லூரியில் இருந்தால் காசு இல்லை, அதனால் எப்படியாவது கிளம்பு என்பதுதான் அன்றைய கணக்கு. ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று அந்த மாதம் அனுமதி வந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்துக்குப் பிறகு கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருடத்துக்கு ஒரு கல்லூரியின் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். விளைவு என்ன தெரியுமா? 2021-ல் டிராஃப்டுக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் 353 பேர். 2025-ல் அது 106.

ஆக, நாற்பதுக்கு மேல் எங்கேயோ போவான் என்ற நிலையில் இருக்கிற ஒருவனுக்கு, பணத்தை மட்டும் பார்த்தால் கல்லூரிதான் இன்று மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பணம் மட்டும் பார்த்து முடிவெடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வயது.

என்பிஏ அணிகள் 19 வயதுப் பையனிடம் மன்னிக்கிற குறையை 22 வயதுக்காரனிடம் மன்னிப்பதில்லை. 'வளர்ந்துவிடுவான்' என்று இவனைப் பற்றிச் சொல்ல முடியாது, 'வளர்ந்து இவ்வளவுதான்' என்பார்கள். அதனால் திரும்பிப் போவதாக இருந்தால், போய் எதை மாற்றப் போகிறான் என்பதற்கு ஒரு வரியில் பதில் இருக்க வேண்டும்.

இரண்டு பெரிய ஆட்டக்காரர்களைப் பாருங்கள். பர்டூ கல்லூரியின் ஸாக் ஈடி 2023-ல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர். டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார், கெடு நாளன்று திரும்பப் பெற்றார். ஏழடி நான்கு அங்குல ஆள் வேகமான என்பிஏ ஆட்டத்தில் ஓடித் தாக்குப்பிடிப்பாரா என்பதுதான் எல்லோருக்கும் இருந்த சந்தேகம். அடுத்த சீசனில் நீண்ட நேரம் களத்தில் நின்று, அணியை இறுதிப் போட்டி வரை கொண்டுபோய், 2024-ல் மெம்பிஸ் அணிக்கு 9-ஆவது தேர்வாகப் போனார். கென்டக்கியின் ஆஸ்கர் ஷிப்வே 2022-ல் அதே விருதை வாங்கியவர். அவரும் இன்னொரு வருடம் தங்கினார். 2023 டிராஃப்டில் அவர் பெயரை யாரும் கூப்பிடவில்லை. ரீபவுண்ட், அதாவது வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தை எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, ஆனால் அதை யாரும் சந்தேகப்படவும் இல்லை. வளையத்தைக் காக்கப் போதிய உயரம் இல்லை, வெளியிலிருந்து எறிய மாட்டார் என்பதுதான் குறை, அது அப்படியே இருந்தது. பிறகு டூ-வே ஒப்பந்தத்தில் நுழைந்தார்.

(ஷிப்வே காங்கோக்காரர், ஈடி கனடாக்காரர். மாணவர் விசாவில் இருப்பவர்கள் அமெரிக்க மண்ணில் இந்தப் பெயர்-முகம் வருமானத்தைத் தொடுவதே சிக்கல். உங்கள் மகன் குடியுரிமை உள்ளவனா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், கல்லூரி பேசும் தொகையை நம்புவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். மேலே சொன்ன கணக்கே தலைகீழாகலாம்.)

சரி, உங்கள் மகனிடம் எதைச் சந்தேகப்படுவார்கள்? 18 புள்ளி என்ற எண்ணை, அணிகளுக்காக ஆள் தேடும் ஸ்கவுட்கள் ஒதுக்கி வைத்துவிடுவார்கள். நடுத்தரக் கல்லூரியில் அவன்தான் முக்கிய ஆள், பந்து பெரும்பாலும் அவன் கையில்தான் இருக்கும். என்பிஏவுக்குப் போனால் பந்து வேறு ஒருவர் கையில். இவன் மூலையில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். ஒரு கால் மணி நேரத்தில் இரண்டே முறை பந்து வரும், வந்ததும் யோசிக்காமல் எறிய வேண்டும், மறுமுனையில் தன்னைவிட வேகமான ஒருவரைத் தடுக்க வேண்டும். அதனால் அவர்கள் பார்ப்பது, ஆட்டத்துக்கு எத்தனை மூன்று புள்ளி முயற்சி, அதில் நின்ற இடத்தில் வாங்கி எறிந்தது எத்தனை, யாரும் தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோவில் சதவீதம் என்ன என்பதைத்தான். எறிதல் கை நம்பகமானதா என்று ஃப்ரீ த்ரோவை வைத்துத்தான் முதலில் எடை போடுவார்கள். அவன் கல்லூரியில் ஆள் பற்றாக்குறையால் பெரிய ஆட்களைக் காவல் காத்தவனாக இருந்தால், வெளியே நின்று பந்தை நடத்தும் சிறிய கார்டுகளைத் தடுக்க முடியும் என்று இனிமேல்தான் காட்ட வேண்டும்.

உயரமும் அப்படித்தான். கல்லூரிப் பட்டியலில் இருக்கும் ஆறடி ஐந்தை யாரும் நம்புவதில்லை. டிராஃப்டுக்கு முன் ஆட்டக்காரர்களை அளந்து சோதிக்க, சிகாகோவில் மே மாதம் நடக்கும் கம்பைனில் ஷூவைக் கழற்றி அளப்பார்கள். ஓர் அங்குலம் போய்விடும், சிலருக்கு இரண்டு. கை விரிப்பு ஆறடி ஒன்பது, பத்து என்று வந்தால் அந்த நஷ்டத்தை மறந்துவிடுவார்கள். 2018-ல் வில்லனோவாவின் டான்டே டிவின்சென்ஸோ கல்லூரி இறுதிப் போட்டியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி 31 புள்ளி அடித்தார், பிறகு கம்பைனில் 42 அங்குலம் குதித்துக் காட்டினார். கல்லூரிக்குத் திரும்பவில்லை, 17-ஆவதாகப் போனார். சூடு இருக்கும்போதே கிளம்ப வேண்டியவர்களும் இருக்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். கம்பைனுக்கு அழைப்பே வரவில்லை என்றால், அதுவும் ஒரு பதில்தான்.

இன்னொரு பதில் எழுத்திலேயே வரும். என்பிஏ அணி நிர்வாகிகளைக் கொண்ட ஓர் ஆலோசனைக் குழு, கேட்கும் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு அவர்கள் எந்த இடத்தில் போகக்கூடும் என்று ரகசியமாகச் சொல்கிறது: முதல் 14-க்குள்ளா, முதல் சுற்றா, இரண்டாவது சுற்றா, எடுக்கவே மாட்டார்களா. உங்கள் மகன் இதற்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். கல்லூரித் தகுதியை இழக்காமல் ஏஜென்ட் வைத்துக்கொள்ள அது ஒரு நிபந்தனை, ஏஜென்ட்டும், கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏவின் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தை நீங்கள் உங்கள் கண்ணால் படியுங்கள். ஏஜென்ட் வாயால் கேட்க வேண்டாம். இணையத்தில் உலவும் மாதிரி டிராஃப்ட் பட்டியல்களை அறவே விடுங்கள். அவற்றை எழுதுகிறவர்களுக்குத் தகவல் கொடுப்பவர்களில் ஏஜென்ட்களும் உண்டு.

ஏஜென்ட்டைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் பையன் கல்லூரிக்குத் திரும்பினால் என்பிஏ சம்பளத்தில் அவருக்கு இப்போது கமிஷன் இல்லை. அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: எந்த அணி, எந்த எண்ணில், என்ன ஒப்பந்தம்? 'பன்னிரண்டு அணிகளுக்குப் பிடித்திருக்கிறது' என்றால் அது பதில் ஆகாது. ஓர் அணி, 'நாற்பதுக்குள் எங்கள் முறை வரும்போது அவன் மிச்சமிருந்தால் எடுக்கிறோம், இரண்டு வருடம் உத்தரவாதம்' என்று சொல்லியிருந்தால், நானாக இருந்தால் போகச் சொல்வேன். அப்படி ஓர் அணியைக்கூட அவரால் பெயர் சொல்ல முடியாவிட்டால் விஷயம் முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சில சமயம் எடுக்கப்படாமல் போவதே நல்லது. இரண்டாவது சுற்று நடக்கும்போது அணிகள் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு, 'எடுக்கிறோம், டூ-வே, சம்மதமா?' என்று கேட்கும். 2021-ல் டெட்ராய்ட் அணி 42-ஆவது தேர்வில் ஆஸ்டின் ரீவ்ஸை எடுக்கத் தயாராக இருந்தது. அவர் தரப்பு வேண்டாம் என்றது. எடுக்கப்படாத ஆளாக லேக்கர்ஸ் அணியுடன் டூ-வேயில் கையெழுத்திட்டார், சீசன் தொடங்கும் முன்பே முழு ஒப்பந்தம் வாங்கினார். இரண்டு வருடத்தில் அது நான்கு வருடம், 5 கோடி டாலருக்கு மேல் என்று ஆனது. தனக்கு எந்த அணியில் இடம் காலி என்று பார்த்துப் போனதுதான் அவர் செய்த வேலை. ஆனால் ரீவ்ஸ் அப்போது நான்கு வருடக் கல்லூரி ஆட்டத்தை முடித்தவர். உங்கள் மகனுக்கு இன்னும் ஒரு வருடம் கையில் இருக்கிறது.

போய்ப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் கல்லூரிக்குத் திரும்பலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2023-ல் 31-ஆவதாக எடுக்கப்பட்ட ஜேம்ஸ் நாஜி 2025 டிசம்பரில் பேய்லர் கல்லூரி அணியில் சேர்ந்தார் என்பதைக் காட்டுவார்கள். அவர் அதற்கு முன் அமெரிக்கக் கல்லூரியில் ஆடியதே இல்லை, என்பிஏ ஒப்பந்தமும் போட்டதில்லை. டூ-வேயில் கையெழுத்திட்டு விட்டு அலபாமா கல்லூரி அணிக்குத் திரும்ப முயன்ற சார்ல்ஸ் பெடியாகோ, இடைக்கால நீதிமன்ற உத்தரவில் சில ஆட்டங்கள் ஆடினார், பிறகு அந்தக் கதவும் மூடிவிட்டது.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால், உங்கள் மகன் பெயரைத் திரும்பப் பெறட்டும் என்பதுதான் என் கருத்து. எந்தக் கல்லூரி என்பதை மட்டும் தொகையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பெரிய அணியில் அவனுக்கு முன்னால் அதே இடத்துக்கு யார் இருக்கிறார்கள், ஆட்டத்துக்கு எத்தனை நிமிடம், கார்டாக ஆடவைப்பார்களா என்று பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள். பெஞ்சில் உட்கார்ந்து வாங்கும் பெரிய தொகை அடுத்த வருட டிராஃப்டுக்கு உதவாது. பணம் கல்லூரி கொடுப்பதா, வெளியார் கொடுப்பதா, நடுவில் விலகினால் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். அவனைச் சுயதொழில் செய்பவனாகத்தான் வரித்துறை பார்க்கும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரியை நீங்களே கட்ட வேண்டி வரும், அதற்குப் பணத்தை ஒதுக்கி வையுங்கள். காயத்துக்கான காப்பீட்டையும் கேளுங்கள். டிகிரியும் முடிந்துவிடும், வீட்டில் பாட்டிக்கு அது போதும்.

கடைசியாகத் தேதி. இதில் இரண்டு கெடு உண்டு, பலர் குழம்புவது இங்கேதான். என்பிஏவின் கெடு டிராஃப்டுக்குப் பத்து நாள் முன்பு, ஜூனில் வரும். அது உங்களுக்கு உதவாது. கல்லூரியில் மீண்டும் ஆட வேண்டுமானால் என்சிஏஏவின் கெடுதான் முக்கியம். அது கம்பைன் முடிந்து பத்து நாளில், மே கடைசி வாக்கில், கிழக்கு நேரம் இரவு 11:59-க்கு முடிந்துவிடும். திரும்பப் பெறும் கடிதம் எழுத்தில் என்பிஏ அலுவலகத்துக்குப் போக வேண்டும், நகல் கல்லூரியின் விதிமுறை அலுவலரிடம் இருக்க வேண்டும். ஏஜென்ட்டுடனான ஒப்பந்தத்தையும் எழுத்தில் முறித்துக்கொள்ளுங்கள். அவர் தந்த பயண டிக்கெட், ஹோட்டல் ரசீதுகளை ஒரு கவரில் போட்டுப் பத்திரமாக வையுங்கள், கல்லூரி கேட்கும். கடைசி நாள் வரை இழுக்காமல் இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுவது நல்லது.