தோவாளையில் பூச்சந்தையைத் தவிர பார்க்க ஏதாவது இருக்கிறதா?

கன்னியாகுமரிக்குக் குடும்பத்தோடு போகிறீர்கள், வழியில் அரை நாள் மிச்சம், அதனால் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி போகும் சாலையில், ஆரல்வாய்மொழிக்கு முன்னால் வரும் ஊர்தான். வெயில் ஏறுவதற்குள் போங்கள். பிச்சி, அரளி, கொழுந்து, கேந்தி என்று குவிந்து கிடக்கும். ஓணத்துக்கு முந்தைய நாட்களில் கேரள வியாபாரிகள் வந்து அள்ளுவார்கள். கூட்டம் பார்க்க நல்ல நேரம், பூ வாங்க ஆகாத நேரம். மதுரைச் சந்தை இதைவிடப் பெரிது என்று யாராவது கிளம்புவீர்கள். இருக்கட்டும், நான் அளவைப் பற்றிப் பேச வரவில்லை.

'பூச்சந்தையைத் தவிர' என்றீர்களே, அதுதான் சுருக்கென்றது. அங்கே மாணிக்க மாலை கட்டுகிறார்கள். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நடுவே பச்சைக்கு நொச்சி இலை. ஒவ்வொன்றாக மடித்து, நாரில் நெருக்கமாக வைத்துத் தட்டையாகப் பின்னுவார்கள். 2025-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

தங்கை கல்யாணத்துக்கு அந்த மாலைதான் வேண்டும் என்று அம்மா பிடிவாதம். கல்யாணம் கோயம்புத்தூரில். நான்தான் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். மண்டபத்தில் மேடை அலங்காரம் செய்தவர் விரித்துப் பார்த்துவிட்டு, "என்னங்க, பாய் மாதிரி இருக்குது? ரோஜா மாலை நாங்களே வெச்சிருக்கோமுங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம். மாப்பிள்ளையின் பெரியம்மா வந்து வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "நூலே தெரியலையே, எந்த ஊருல கட்டுனது கண்ணு?" என்று கேட்ட பிறகுதான் அவர் வாயை மூடினார். ரோஜாவைக் குறை சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

கட்டுகிறவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். கேட்டுவிட்டுப் பாருங்கள். வீடியோ எடுத்துக்கொண்டு ஒரு முழம்கூட வாங்காமல் நகராதீர்கள். நல்ல மாலை வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

அந்த மாலையைப் படத்தில் காட்டலாம் என்றால் முடியாது. கல்யாண ஆல்பத்தில் ட்ரோனில் எடுத்த மண்டபக் கூரை இருக்கிறது, வாசலில் நின்ற கார்கள் இருக்கின்றன, மாலை மாற்றிய படம் மட்டும் இல்லை. படம் எடுத்தவர்களைக் கேட்டால் 'ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு சார்' என்கிறார்கள். பாக்கிப் பணத்தை மட்டும் அன்றைக்கே எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.