காய்ச்சலுக்குச் சேர்த்ததும் இரண்டு கையிலும் அவ்வளவு ரத்தம் எடுப்பது எதற்கு?

ராயபுரம் பக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அம்மாவைச் சேர்த்தால், ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்பே இரண்டு கையிலும் சிரிஞ்ச் நிறைய ரத்தம் எடுக்கிறார்களே, ரிசல்ட்டும் உடனே வருவதில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது பிளட் கல்ச்சர், ரத்தத்தில் பாக்டீரியா இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட். ரத்தத்தில் பாக்டீரியா பரவியிருந்தாலும் பெரியவர்களுக்கு ஒரு மில்லியில் ஒன்றிரண்டுதான் இருக்கும். பல சமயம் அதுவும் இருக்காது. கொஞ்சமாக எடுத்தால் சிக்காது. அதனால் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி, கைக்கு இரண்டு பாட்டில். மொத்தம் 40 மில்லி வரை போகும். ரத்ததானத்தில் 350 மில்லி எடுக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை.

இரண்டு கை எதற்கு? தோலில் குடியிருக்கும் சாதுவான பாக்டீரியா ஊசியோடு பாட்டிலுக்குள் போய்விடும். ஒரு கை ரத்தத்தில் மட்டும் அது வளர்ந்தால் பெரும்பாலும் தோலிலிருந்து வந்தது. இரண்டிலும் வளர்ந்தால் லேசாக விட முடியாது.

கல்ச்சர் கெடுவது பெரும்பாலும் லேபில் இல்லை, கட்டிலருகில்தான். குளோர்ஹெக்சிடின் ஸ்பிரிட் தடவி அரை நிமிஷமாவது காய விட வேண்டும். ஈரத்தோடு குத்தினால் தடவியதே வீண். துடைத்தபின் நரம்பைத் தேடி மறுபடி விரல் வைப்பதுதான் அதிகம் நடக்கும் தப்பு. பாட்டில் மூடிக்கு அடியிலுள்ள ரப்பர் சுத்தமானது இல்லை, அதையும் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். சலைன் ஏறும் கையில் எடுக்கக் கூடாது. எடுத்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்காமல் இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும்.

அங்கே மெஷின் பாட்டிலை உடம்புச் சூட்டிலேயே வைத்து, பாக்டீரியா விடும் கார்பன் டை ஆக்சைடைச் சில நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்கும். வளர்வதாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு நாளைக்குள் தெரிந்துவிடும். எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க இன்னும் ஒன்றிரண்டு நாள். வளரவில்லை என்று சொல்ல ஐந்து நாள் ஆகும்.

அப்படிச் சொன்னாலும் நோயே இல்லை என்று ஆகிவிடாது. டெங்கு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் என்கிற உண்ணிக்காய்ச்சல் எல்லாம் இந்தப் பாட்டிலில் சிக்காது. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் தேங்கிய மழைத்தண்ணீரில் நடந்திருந்தால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலுக்கு டெஸ்ட் வேறு.

அசித்ரோமைசினோ செஃபிக்ஸிமோ, கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் ரெண்டு வேளை போட்டிருந்தால்கூட, பாக்டீரியா இருந்தும் வளராமல் கல்ச்சர் பொய் சொல்லலாம். திட்டுவார்களே என்று மறைக்காமல் அந்த அட்டையை எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

பிபி இறங்கிப்போனவருக்கு மட்டும் கணக்கு வேறு. ரத்தம் எடுப்பது தள்ளிப்போகும்போல இருந்தால் மருந்தை நிறுத்தி வைக்க மாட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறியாக வேண்டும்.