வாசகர் கேள்வி: எரியும் நிலக்கரியெல்லாம் கற்கரியாகுமா?

கேள்வி: நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் எரிக்கப்படும் நிலக்கரியிலிருந்து இரும்பு உருக்கும் ஊதுலைக்கான கற்கரியைத் தயாரிக்கலாமா? ஒரு பிரதேசத்து நிலக்கரி அதற்கு உகந்ததா என்பதை எவ்வாறு சோதிக்கிறார்கள்? மாதிரி ஒன்றையும் இணைத்துள்ளேன்.
– வாசகர் ஒருவர், கொட்டாஞ்சேனை, கொழும்பு 13

பதில்: மின் நிலையத்துக்கு வேண்டியது வெப்பம். நிலக்கரியைக் காற்றுப்படாமல் சூடாக்கிப் பெறும் கற்கரிக்கு (coke) வேண்டியதோ, அவ்வாறு சூடாக்கும்போது ஏறத்தாழ 350 முதல் 500 பாகை செல்சியஸ் வரையான வீச்சில் இளகிக் குமிழியிட்டு, பின்னர் ஒன்றாக ஒட்டி இறுகும் குணம். அக்குணமில்லாத நிலக்கரி எவ்வளவு நன்றாக எரிந்தாலும் ஊதுலைக்கு உதவாது. மின் நிலையங்களுக்கு வாங்கப்படுவது பொதுவாக அவ்வகையே.

இதை விரைவில் காட்டிக்கொடுப்பது வீக்க எண் சோதனையாகும். மாவாக அரைத்த 1 கிராம் நிலக்கரியை மூடியிட்ட புடக்குகையில் (வெப்பந்தாங்கும் சிறு கிண்ணத்தில்) இட்டு, இரண்டரை நிமிடத்தில் 820 பாகைக்குச் சூடாக்குவார்கள். பழுப்பு நிலக்கரியாயின் ஊதினால் பறக்கும் தூளே மிஞ்சும்; நல்ல இனமாயின் பொங்கிய பணிஸைப் போன்ற ஒரு கட்டி கிடைக்கும். அதன் பக்கத்தோற்றத்தை நியம வரைபடங்களோடு ஒப்பிட்டு 0 முதல் 9 வரை எண் வழங்கப்படும்.

பொலித்தீன் பையில் நீங்கள் அனுப்பிய ஒரு பிடி தூள் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஆனால், வெளியில் நெடுநாள் கிடந்த நிலக்கரி ஒட்சியேற்றமடைந்து இளகும் தன்மையை இழந்துவிடுமாதலால், அதைக் கொண்டு எந்தச் சுரங்கத்தையும் எடைபோட இயலாது.

வீக்க எண் உயர்ந்திருந்தால் மட்டும் போதாது. மிகையாக விரியும் சில நிலக்கரிகள் கற்கரி அடுப்பின் சுவரையே தள்ளிச் சேதப்படுத்தும். சாம்பலும் கவனத்துக்குரியது: ஆவியாகும் பொருள்கள் வெளியேறியபின் அது முழுவதும் கற்கரியிலேயே தங்கிவிடுவதால், 10 கிலோ சாம்பலுள்ள 100 கிலோ நிலக்கரி 75 கிலோ கற்கரியைத் தந்தால், அக்கற்கரியில் சாம்பல் 13 வீதத்தைத் தாண்டும். இந்தியாவின் ஜாரியா நிலக்கரிக்கு இளகும் குணம் உண்டு. சாம்பலே அதன் குறை. ஆகவேதான் அதைக் கழுவி, சாம்பல் குறைந்த இறக்குமதி நிலக்கரியோடு கலக்கிறார்கள்.

எமது பார்வையில் நம்பத்தக்க சோதனை, சிறிய அடுப்பொன்றில் கற்கரியைச் செய்தே பார்ப்பதுதான். சுமார் 20 மில்லிமீற்றர் அளவான 200 கிராம் துண்டுகளை 1100 பாகையில் இரண்டு மணி நேரம் காபனீரொட்சைட்டில் வைத்து, எஞ்சியதை உருளையில் 600 முறை சுழற்றிச் சலிப்பார்கள். ஊதுலையின் அடியில் எல்லாம் உருகிய பின்னும் மேலுள்ள சுமையைத் தாங்கி நிற்க வேண்டியது கற்கரி என்பதால், பெரிய ஊதுலைகளை நடத்துவோர் இதில் ஏறத்தாழ 60 வீதமாவது 10 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட துண்டுகளாகத் தேறவேண்டும் என எதிர்பார்க்கிறார்கள்.