ஆகஸ்டில் மட்டக்களப்பு: எங்கே தங்குவது, எப்போது வெளியே இறங்குவது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஆகஸ்ட் விடுமுறைக்கு ஐந்து நாள் மட்டக்களப்புக்கு வரப்போகிறோம். அறுபத்தெட்டு வயது அம்மாவும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் கூட வருகிறார்கள். பாசிக்குடாவில் அறை எடுப்பதா, நகரில் தங்குவதா? பழைய இடங்களையும் கிராமங்களையும் பார்க்க ஆசை. வெயில்தான் பயமாக இருக்கிறது."

தாராளமாக வாருங்கள். ஆனால் எல்லா இரவுக்கும் பாசிக்குடாவில் அறை போட வேண்டாம். அது நகரிலிருந்து முப்பது கிலோமீற்றருக்கு மேல் வடக்கே இருக்கிறது. நீங்கள் பார்க்க ஆசைப்படும் கிராமங்களோ நகருக்குத் தெற்கிலும் மேற்கிலும். பாசிக்குடாவில் தங்கினால் பிள்ளைகளின் விடுமுறை வான் வண்டிக்குள்ளேயே கழிந்துவிடும். நகரிலேயே, கல்லடியிலோ புளியந்தீவிலோ மூன்று இரவு தங்குங்கள், கடைசி இரவைப் பாசிக்குடாவுக்கு வையுங்கள்.

வெயிலுக்கு வருவோம். நீங்கள் வரும் காலம் கச்சான் காற்றின் காலம். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு, நம் பக்கம் காய்ந்து சூடாகி இறங்குகிறது. பிற்பகலில் 34, 35 பாகை சாதாரணம். வேர்வையைக் காற்று உடனே உலர்த்திவிடுவதால் உடம்பில் நீர் குறைவதே தெரியாது. அம்மாவுக்குத் தாகம் எடுக்கும்வரை பார்த்திருக்காமல் இளநீரோ மோரோ கொடுத்துக்கொண்டே இருங்கள். பதினொரு மணியிலிருந்து மூன்றரை வரை எல்லோரும் அறைக்குள் இருக்கட்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் காலை கிராமத்துக்கு, மாலை நகருக்கு. ஒரு நாள் ஆறு மணிக்கே வானில் ஏறி, ஆரையம்பதி தாண்டி மண்முனைப் பாலத்தால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குள் போங்கள். 2014இல் இந்தப் பாலம் திறக்கும்வரை இங்கே வாவியைத் தோணியிலும், 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகிலும்தான் கடந்தார்கள். அக்கரையில் கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயில். பறங்கியர் முன்னால் புல் தின்றதாகச் சொல்லப்படும் கல் நந்தியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கதையை அங்கேயே யாராவது பெரியவரிடம் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்.

அங்கிருந்து தெற்கே மண்டூர். சின்னக் கதிர்காமம் என்று நாங்கள் சொல்லும் முருகன் கோயில். பூசை செய்யும் கப்புகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால் பேச்சில்லாமல் பூசை செய்வார். வழக்கமான கோயில் பூசையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். மண்டூர்த் திருவிழா ஆவணிப் பௌர்ணமித் தீர்த்தத்தோடு முடியும். உங்கள் நாட்கள் அதோடு சேர்கிறதா என்று பஞ்சாங்கத்தில் பார்த்துவிடுங்கள். சேர்ந்தால் கூட்டம் அதிகம்தான், ஆனாலும் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

திரும்பும்போது வந்த வழியே வராதீர்கள். மண்டூர்த் துறையில் பாதை ஓடுகிறதா என்று கேட்டு, நீங்கள் அதில் ஏறிக் குருமண்வெளிக்கு வாருங்கள். வான் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி வந்து அக்கரையில் நிற்கட்டும். மிதவைகளின் மேல் தட்டு போட்ட பாதையில் மோட்டார் சைக்கிளும் சந்தைக்குப் போகும் மூட்டையும் ஆட்களும் ஒன்றாக ஏறுவார்கள். விளிம்பில் கம்பியைப் பிடித்து நின்றால் தண்ணீர் காலுக்குக் கிட்டவே ஓடும். பிள்ளைகளின் கையை மட்டும் விடாதீர்கள். இன்னொன்று, படுவான்கரையின் உட்பகுதி வீதிகளில் பொழுது சாய்ந்தபின் யானை நடமாட்டம் உண்டு. மாலைப் பயணத்தை அங்கே வைக்கவே வேண்டாம்.

வழியில் சட்டித் தயிர் வாங்காமல் வராதீர்கள். எருமைப் பாலை மண் சட்டியில் உறைய வைத்தால் சட்டி தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மேலே ஆடை தடிப்பாக நிற்கும், கரண்டியால் வெட்டிய இடம் அப்படியே இருக்கும். பாணி ஊற்றிச் சாப்பிட்டால் மத்தியானச் சோறே தேவைப்படாது. காலையில் வாங்குங்கள், வெயிலில் வைத்த சட்டி புளித்துவிடும்.

நகரைப் பார்க்க ஒரு மாலை போதும். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை புளியந்தீவில் இருக்கிறது. இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. அப்புறம் 1924இல் திறந்த கல்லடிப் பழைய பாலத்துக்கு நடந்து போங்கள். வாகனங்கள் பக்கத்துப் புதிய பாலத்தில் ஓடுவதால் அம்மா ஆறுதலாக நடக்கலாம். வாவிக்கடியிலிருந்து வரும் 'பாடும் மீன்' ஓசையைக் கேட்க ஆசையென்றால் பௌர்ணமியை ஒட்டிய இரவில், காற்று அடங்கியபின் பாலத்தடிக்குத் தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீரில் வைத்து மறுநுனியில் காதை வைக்க வேண்டும்.

கடலில் குளிப்பது பாசிக்குடாவில் மட்டும். அங்கே வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான், ஆகஸ்டில் அலையும் குறைவு. கல்லடிக் கடற்கரையில் காற்று வாங்கலாம், மணலில் விளையாடலாம். கரையோரமே ஆழமும் இழுப்பும் இருப்பதால் பிள்ளைகளை இறக்காதீர்கள். பாசிக்குடாவிலும் காலை ஒன்பது மணிக்குள் குளித்து முடியுங்கள். சனி, ஞாயிறு, போயா நாட்களில் படகும் கூட்டமும் அதிகம்.

வருவதற்கு இரவு ரயில் நல்லது, அம்மா படுத்து எழும்ப ஊர் வந்துவிடும். ஆகஸ்டில் ஆசனங்கள் சீக்கிரம் முடிந்துவிடும். விடுதிக்கு முன்பணம் கட்டுமுன் ரயிலுக்குப் பதிவு செய்துவிடுங்கள். திரும்பும்போது நகருக்கு வரத் தேவையில்லை, பாசிக்குடாவுக்குக் கிட்டவுள்ள வாழைச்சேனையிலேயே ஏறலாம்.