முடக்குவாதத்துக்கு எதிர்ப்பு சக்திப் பவுடர் எதற்கு?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கிறேன். வயது 38. காலையில் எழும்பினால் விரல் மடங்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிறது. கிளினிக்கில் முடக்குவாதம் என்றார்கள். "உங்கள் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குகிறது" என்று சொல்லி மெத்தோட்ரெக்சேட் தந்தார் டாக்டர். மூன்று கிழமையாகியும் வலி குறையவில்லை. லயத்துக்கு வந்த ஒருவர், எதிர்ப்பு சக்தி கூட்டும் பவுடர் சாப்பிட்டால் மாத்திரையே தேவையில்லை என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. டாக்டர் சொன்னதையும் பவுடர்காரர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதிர்ப்பு சக்தி மூட்டைத் தாக்குகிறது என்கிறார் ஒருவர். அதையே கூட்டித் தருகிறேன் என்கிறார் மற்றவர். காசு கொடுத்து இதை வாங்குவானேன்?

எதிர்ப்பு சக்திக்காகவே இரத்தத்தில் டி அணுக்கள் என்று ஒரு வகை வெள்ளை அணு உண்டு. கிருமியை இனங்கண்டு கொல்வதும் மற்ற அணுக்களை ஏவிவிடுவதும் இவற்றின் வேலை. நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் இவை முதிரும்போது ஒரு சோதனை நடக்கிறது. சொந்த உடம்பின் புரதத்தின் மேலேயே பாய்கிற அணு அங்கேயே அழிக்கப்படும். கொழுந்து நிறுக்கும்போது கூடையைக் கிளறி முத்தல் இலையைக் கழிக்கிறார்களே, அந்த மாதிரி. எவ்வளவு கண்டிப்பாகக் கழித்தாலும் நாலு முத்தல் சாக்குக்குள் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அப்படித் தப்பிய அணுக்கள் எனக்கும் உண்டு, பவுடர்காரருக்கும் உண்டு. அவற்றை அடக்கி வைப்பதற்கென்றே தனியாக ஒரு வகை டி அணு இருப்பதை 1995இல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி காட்டினார். 2025இல் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோரோடு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இந்த அடக்குமுறை குலையும்போதுதான் உடம்பு தன்னைத்தானே தாக்கும் நோய்கள் வருகின்றன.

முடக்குவாதம் பெரும்பாலும் மூட்டில் தொடங்குவதில்லை. சிலருக்குப் பிறவியிலேயே மரபணுவில் ஒரு சாய்வு இருக்கும். அதன் மேல் சிகரெட் புகையோ பல் ஈறு நோயோ சேர்ந்தால், நுரையீரலிலும் ஈறிலும் உள்ள புரதங்கள் உருமாறி அந்நியமாகத் தெரிய ஆரம்பிக்கும். அவற்றுக்கு எதிரான பொருள்கள் வலி வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே இரத்தத்தில் சுற்றும். அப்புறம்தான் மூட்டின் உட்சவ்வு வீங்கி எலும்பை அரிப்பது. பெண்களுக்கு இது ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். பனியில் நனைந்ததால் வந்தது என்று மாமியார் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம்.

மெத்தோட்ரெக்சேட் இந்தத் தாக்குதலை அடக்குகிற மருந்து. அது வேலை செய்ய 6 முதல் 12 கிழமை வரை ஆகும். இதைக் கிளினிக்கில் ஒருவர் இரண்டு நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள். விடியற்காலையில் பஸ் ஏறி, அன்றைய பேரையும், அதாவது நாள் சம்பளத்தையும், இழந்து, பின்னேரம் வரை வரிசையில் நின்றவருக்குக் கிடைப்பது கொப்பியில் ஒரு கிறுக்கலும் அடுத்த திகதியும். அந்த இடைவெளியில்தான் பவுடர்காரர் புகுந்துகொள்கிறார். அவருக்கு நேரம் இருக்கிறது, தமிழில் பொறுமையாகப் பேசுகிறார், தவணைக்கும் தருகிறார்.

இந்த மாதிரி டின்களில் அடிக்கடி சேர்வது சீந்தில். எதிர்ப்பு சக்தியைத் தூண்டுவது என்று பெயர் பெற்ற கொடி அது. அதைச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். உங்கள் மாத்திரையும் கல்லீரலைக் கவனித்துக் கொடுக்க வேண்டிய மாத்திரைதான். இரண்டும் ஒன்றாகச் சேரக்கூடாது.

இன்னொரு வகை இன்னும் மோசம். சாப்பிட்ட இரண்டே நாளில் வலி பறந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். பெயரில்லாத பொட்டலங்களில், வீக்கத்தையும் வலியையும் சட்டென அடக்குகிற ஸ்டீராய்டு மருந்தைக் கலந்து விற்கிறார்கள். மாதக்கணக்கில் போனால் முகம் உப்பும், சீனி வியாதி எட்டிப் பார்க்கும், எலும்பு தேயும்.

ஆனால் இங்கே ஒன்றை நிதானமாகக் கேளுங்கள். பக்கத்து லயத்தில் யாராவது அப்படிப்பட்ட பொட்டலத்தை நெடுநாளாகச் சாப்பிடுகிறார் என்றால், நான் எழுதியதைக் காட்டி "இன்றோடு நிறுத்து" என்று சொல்லிவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரவர உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மிச்சப் பொட்டலத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், அங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். கிளினிக்கிலும் சில கிழமைகளுக்கு பிரெட்னிசொலோன் தருவதுண்டு. அதுவும் ஸ்டீராய்டுதான். அளவும் நாளும் எழுதித் தருவார்கள், அந்தக் கொப்பிப்படி சாப்பிடுங்கள். வலி போய்விட்டது என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது, வலி கூடுகிறது என்று நீங்களாகக் கூட்டவும் கூடாது.

கடைசியாக உங்கள் மாத்திரை. மெத்தோட்ரெக்சேட் கிழமைக்கு ஒரு நாள்தான். வலி தாங்காமல் தினமும் போட்டு இரத்த அணுக்கள் விழுந்து இறந்தவர்கள் உண்டு. ஞாயிறோ திங்களோ ஒரு நாளைத் தெரிந்தெடுத்து, அதைத் தமிழில் பெட்டியின் மேல் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். சிங்களத்தில் எழுதித் தந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துக் கேளுங்கள். சொன்ன திகதியில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் இப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள், இந்த மருந்து வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. 12 கிழமை தாண்டியும் விரல் மடங்கவில்லை என்றால் மருந்தை மாற்றவோ இன்னொன்றைச் சேர்க்கவோ வழி இருக்கிறது. அடுத்த திகதி வரை காத்திராமல் முன்கூட்டியே போங்கள்.