கவர்னர் சட்டையில கலகக்காரங்க குறி – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

உங்க தொடரை ஒரே மூச்சுல படிச்சுட்டு வர்றேன். ஒரு சந்தேகம். உப்புக்கோட்டையில கலகம் பண்ற சலவைக்காரங்க அரண்மனைத் துணியிலேயே பானை, பறவை, பிறைன்னு படம் தைச்சு சேதி அனுப்புறாங்க, அதை அந்த கவர்னரே உடம்புல மாட்டிக்கிட்டு சுத்துறான். ஒருத்தன் கண்ணுலகூட படலைன்னா நம்புற மாதிரியா இருக்கு? அப்புறம், எல்லாப் படத்துக்கும் அர்த்தம் போட்டு ஒரு டேபிள் குடுத்தா நல்லாருக்கும். எட்டாவது அத்தியாயத்துல வெறும் சட்டையைப் பார்த்துட்டு அந்தப் பொண்ணு ஏன் ஓடுறா, அதுவும் புரியல.

– ஒரு வாசகர், காஜாங்

தம்பி,

கண்ணுல படத்தான் செய்யுது, பார்க்கிறவனுக்கு ஒண்ணும் தோண மாட்டேங்குது. இங்க பினாங்குல ஆயர் ஈத்தாம் ரோட்டுப் பக்கம் தோபி காட் இருக்கு, நம்ம ஆளுங்க தலைமுறை தலைமுறையா துணி துவைச்ச இடம். பழைய காலத்து சலவைக்காரங்க சேராங்கொட்டையை ஊசியால குத்தி அந்தப் பாலைத் தொட்டு காலர் உள்பக்கம் ரெண்டு புள்ளி, ஒரு கோடுன்னு வைப்பாங்க, மேல சுண்ணாம்பு பட்டா கறுப்பாப் பிடிச்சுக்கும், அப்புறம் கல்லுல எத்தனை அடி அடிச்சாலும் போகாது (கையில பட்டா புண்ணாயிடும், அது வேற கதை). அது எந்த வீட்டுத் துணின்னு அவங்களுக்குத்தான் தெரியும். சட்டைக்காரன் அந்தக் குறியை வருஷக்கணக்கா கழுத்துல சுமந்துக்கிட்டுத் திரிவான், என்னைக்காவது இது என்னன்னு கேட்டிருப்பானா? டோபி சமாச்சாரம்னு விட்டுடுவான். என் கவர்னரும் அப்படித்தான். வெள்ளைச் சுவத்துல பறவை வரைஞ்சாதான் காவக்காரன் நின்னு பார்ப்பான், ஏற்கெனவே நாலு குறி கிடக்குற இடத்துல அஞ்சாவதை எவன் எண்ணப் போறான்.

டேபிள் கிடையாது, கோச்சுக்காத. டச்சு அரசாங்கத்துல மொழிபெயர்ப்பாளரா இருந்த ஸ்லேகல், சுமத்ராவுல போலீஸ் கையில சிக்கின பேப்பருங்களை வச்சு சீன ரகசிய சங்கத்தோட சடங்கு, அடையாளம் எல்லாத்தையும் 1866ல பத்தாவியாவுல (இப்ப ஜகார்த்தா) புத்தகமாவே போட்டுட்டாரு. எழுதி வச்சா அதான் கதி. அதனால என் ஆளுங்க எதையும் எழுதி வைக்கல, ஒவ்வொருத்தர் தலையிலயும் அவங்கவங்களுக்குத் தேவையான படம் மட்டும்தான் இருக்கு. கோட்டைக்குள்ள துவைக்கிறவளுக்குப் பிறைன்னா இன்னைக்கு ராத்திரி, ஆத்தங்கரையில காயப் போடுறவனுக்கு அதே பிறை ஒரு ஆளோட பேரு. எவனையாவது பிடிச்சு அடிச்சாலும் பாதிதான் வெளிய வரும். நான் டேபிள் போட்டா அந்தப் பாதியை உனக்கு நானே முழுசாக் குடுத்த மாதிரி ஆயிடும், கதை போச்சு.

வெறும் சட்டை விஷயம் நல்ல கேள்வி. எழுதும்போது என்னை ரொம்பப் படுத்தினது "வராதே"ங்கிறதுதான். பானையை வரையலாம், பானை இல்லங்கிறதை எப்படி வரைவ? குறுக்குக் கோடு போடலாம்தான், ஆனா நூல்ல தைச்ச கோடு கிழிசலுக்குப் போட்ட தையலா, குறியான்னு தெரியாது, அதோட எதிரி ஒருத்தன் தெரிஞ்சுக்கிட்டா ஒரே இழுவையில எந்தச் சேதியையும் தலைகீழா மாத்திடுவான். வீட்டுக்குறி சேராங்கொட்டையில நிக்கும், சேதி நூல்ல இருக்கும், படிச்சவுடனே பிரிச்சுடலாம். அதனால கதையில தினம் ஏதாவது ஒரு படம் வந்தே ஆகணும், சும்மா "ஒண்ணுமில்ல"ன்னு சொல்றதுக்கே ஒரு பறவை இருக்கு. ஒண்ணுமே தைக்காம வந்தா, வராதே, ஓடிடு. அந்தப் பொண்ணு விளிம்பைத் திருப்பிப் பார்க்குறா, ஒரு தையல்கூட இல்ல, ஈரத்துணியைக் கல்லுமேலயே போட்டுட்டு ஓடுறா.

சரி, தைக்கிறவளுக்கு அன்னைக்குக் காய்ச்சலா இருந்தா என்ன பண்ணுவாங்கன்னு அடுத்து கேட்ப. இருபதாவது அத்தியாயத்துல ஒருத்தன் அதனாலதான் மாட்டிக்கிறான், படிச்சுட்டு திட்டி எழுது.