மூன்றடிச் செடித்தொட்டிக்கு எந்தக் கண்ட்ரோலர்?

சிங்கப்பூர் வீவக வீட்டில் மூன்றடி நன்னீர்த் தொட்டி, செடியும் சிறு மீன்களும், வெப்பம், விளக்கு முதலியவற்றைத் தானாகக் கவனிக்கும் அபெக்ஸ் கண்ட்ரோலர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். அபெக்ஸ், ப்ரோஃபிலக்ஸ் போன்றவை பெரும்பாலும் கடல்நீரில் பவளம் வளர்க்கும் தொட்டிக்காரர்கள் வாங்குபவை.

நம் ஊரில் சிக்கல் சூடுதான். ஹீட்டர் தேவையே இல்லை. பகலில் தண்ணீர் சாதாரணமாக 29, 30 டிகிரிக்குப் போய்விடும். இன்க்பேர்ட் மாதிரி வெப்பக் கண்ட்ரோலர் ஒன்றும், தண்ணீர்மேல் காற்று வீசும் சின்ன ஃபேன் ஒன்றும் போதும். 27இல் வைத்து, இடைவெளி 1 டிகிரி கொடுத்தால் 28இல் ஃபேன் ஓடும், 27இல் நிற்கும். இடைவெளி மிகவும் குறைவாக இருந்தால் அடிக்கடி ஆன் ஆஃப் ஆகி உள்ளே இருக்கும் சுவிட்சான ரிலே சீக்கிரம் தேயும். ஃபேன் குளிர்விப்பது ஆவியாதலால். இங்கே காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இரண்டு, மூன்று டிகிரிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். குறையும் தண்ணீரை நிரப்பும்போது குளோரமின் என்ற கிருமிநாசினியை நீக்கி ஊற்றுங்கள், குழாய் நீரில் அது உண்டு. குளிர்ந்த நீர் கேட்கும் கிரிஸ்டல் இறால் வளர்க்க ஆசை என்றால், தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லர்தான். அதற்குள்ளேயே தெர்மோஸ்டாட் இருக்கும், தனிக் கண்ட்ரோலர் வீண் செலவு.

செடிகளுக்கு சிஓ2 (கரியமில வாயு) விடுவதற்கு, நீரின் அமிலத்தன்மையை அளந்து வாயுவைத் திறந்து மூடும் பிஎச் கண்ட்ரோலர்? டைமரே போதும். பிஎச் அளக்கும் முனையான புரோபை அடிக்கடி அளவு சரிபார்க்க வேண்டும், ஓரிரு வருடத்தில் மாற்றவும் வேண்டும். யாருக்குப் பொறுமை!

அப்புறம், கண்ட்ரோலரை அமெரிக்காவிலிருந்து தருவிக்காதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230.